முதுகெலும்பு அறுவையில் கிருமிநாசினி: எதை, எங்கே, எப்படி?

முதுகெலும்பில் ஸ்க்ரூவும் ராடும் பொருத்திக்கொண்டு வீட்டுக்குப் போனவர் மூன்றாவது வாரத்தில் திரும்பி வருகிறார். தையல் வரியின் கீழ்முனையில் சிறு ஈரம். இரண்டு நாளாகச் சட்டையில் கறை படுவதாக மனைவி சொல்கிறார். காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. ஆனாலும் அந்த ஈரத்தைப் பார்த்த கணத்தில் அறுவை மருத்துவரின் வயிறு கலங்கிவிடும். மறுபடி மயக்க மருந்து, மறுபடி திறப்பு, கழுவல், வாரக்கணக்கில் ஊசி வழி ஆன்டிபயாடிக். பொருத்திய உலோகத்தைக் காப்பாற்ற முடியுமா என்ற கவலை தனி. அந்தக் குடும்பத்துக்கு ஆகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சீழ் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததல்ல. நோயாளியின் சொந்தத் தோலில் வாழ்ந்த கிருமி, கத்தி இறங்கிய வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. அதனால்தான் கிருமிநாசினித் தேர்வு முக்கியமாகிறது. முதுகெலும்பு அறுவை அரங்கில் வேலை செய்யும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், தியேட்டர் உதவியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அறுவைக்குத் தயாராகும் ஒருவர் படித்தாலும் புரியும். ஆனால் வீட்டில் செய்துபார்ப்பதற்கான குறிப்புகள் அல்ல இவை.

"குளோர்ஹெக்சிடின் நல்லதா, பீட்டாடைன் நல்லதா?" என்பதுதான் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டிய இரண்டு உண்டு. கரைசலைத் தோலில் தடவப்போகிறீர்களா, திறந்த காயத்துக்குள் ஊற்றப்போகிறீர்களா? தோலில் என்றால், அதில் ஆல்கஹால் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவருக்கு முதல் கேள்வி தானாகவே சிறிதாகிவிடும்.

1. எதிரியைத் தெரிந்துகொள்வது

முதுகெலும்பு அறுவைக்குப் பின் சீழ் பிடிக்கக் காரணமாகும் கிருமிகளில் முதலிடம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு. அதன் உறவினமான ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் சாதுவாக வாழ்வது. உலோகத்தைக் கண்டால் அதன் மேல் பசைபோலப் படலம் கட்டிக்கொள்ளும். மூன்றாவது, கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ். முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படும் அதே கிருமி. எண்ணெய்ச் சுரப்பிகளின் ஆழத்தில், குறிப்பாகத் தோள்பட்டையிலும் மேல்முதுகிலும், குடியிருக்கிறது. மேலே தடவும் எந்தக் கரைசலும் அந்த ஆழத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. எனவே தோலை 'முற்றிலும் கிருமியற்றதாக' ஆக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

உலோகம் ஏன் இத்தனை ஆபத்து? 1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை இன்றும் பாடமாக நிற்கிறது. தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் கட்ட லட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தன. ஒரு நூலுக்கே இந்த நிலை என்றால் எட்டு ஸ்க்ரூவும் இரண்டு ராடும் கிடக்கும் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2. அலமாரியில் இருப்பவை

ஆல்கஹால்தான் எல்லாவற்றிலும் வேகமானது. கிருமியின் புரதங்களை உடனடியாகக் குலைத்துவிடும். ஆனால் உலர்ந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கிருமியைத் தொடர்ந்து தடுக்கும் ஆற்றல் எதுவும் தோலில் தங்காது. பாக்டீரியாக்களின் விதைவடிவமான ஸ்போர்களை அது கொல்லாது. தீப்பிடிக்கும்.

குளோர்ஹெக்சிடின் 1950களில் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு. எதிர்மின்னூட்டமுள்ள கிருமியின் உறையோடு ஒட்டிக்கொண்டு அதைக் கிழித்துவிடும். தோலின் மேலடுக்கோடும் ஒட்டிக்கொள்வதால் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். இரத்தம் பட்டாலும் எளிதில் வலுவிழக்காது. ஆனால் சாதாரண சோப்பின் மிச்சம் தோலில் இருந்தால் வலுவிழக்கும். குளித்த நோயாளியின் முதுகில் சோப்பு நுரை சரியாகக் கழுவப்பட்டிருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான். இதன் பெரிய குறை: நரம்புத் திசுவுக்கு நஞ்சு. கண்ணின் விழிவெண்படலத்துக்கும் நடுக்காதுக்கும் கூடத் தீங்கு செய்யும்.

போவிடோன் அயோடினை நாம் பீட்டாடைன் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அயோடினை 1811இல் பெர்னார் கூர்த்துவா கண்டுபிடித்தார்; சுத்த அயோடின் டிங்ச்சர் தோலை எரித்தது. 1955இல் அமெரிக்காவில் அயோடினைப் போவிடோன் என்ற பாலிமரோடு கட்டிவைக்கும் வழி கண்டறியப்பட்டது. அந்தக் கட்டிலிருந்து அயோடின் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து வந்து கிருமியின் புரதங்களை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று அதன் வீச்சு அகலமானது. ஆனால் அவிழ்வதற்கு நேரம் வேண்டும். இரத்தமும் சீழும் அதன் வலுவைத் தின்றுவிடும்.

இங்கே வியப்பான ஒரு வேதியியல் உண்டு. பீட்டாடைனில் தண்ணீர் சேர்க்கும்போது, ஓர் அளவு வரை, கட்டவிழ்ந்த அயோடினின் அளவு கூடுகிறது. பாட்டிலில் உள்ள 10% கரைசலைவிட 0.1% அளவுக்கு நீர்த்த கரைசலில் தளையற்ற அயோடின் அதிகம். காயம் கழுவும்போது நீர்த்த பீட்டாடைன் ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் இதில்தான் இருக்கிறது. இருப்புக் குறைவு என்பதால் இரத்தம் பட்டால் சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் மனத்துக்கு நிறைவாக இருக்கும். முதுகெலும்புக் காயத்தில் அதை ஊற்றாதீர்கள். அது வெளிவிடும் ஆக்சிஜன் இரத்த நாளங்களுக்குள் நுழைந்து அடைப்பு ஏற்படுத்திய நிகழ்வுகள், முதுகெலும்பு அறுவையின்போதும், பதிவாகியிருக்கின்றன.

3. லேபிளைப் படிப்பது

அவசரத்தில் நாம் தாண்டிப்போகும் படி இது. ஆய்வுகள் பேசும் கரைசலும் நம் கையில் இருக்கும் கரைசலும் ஒன்றாக இல்லாமல் போவது இங்கேதான்.

சர்வதேச ஆய்வுகளில் பெரும்பாலானவை 2% குளோர்ஹெக்சிடினும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சேர்ந்த கரைசலைப் பயன்படுத்தியவை. இந்தியாவில் கிடைக்கும் பல பாட்டில்களில் 'குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் கரைசல் 2.5%' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து, "ஆய்வில் உள்ளதைவிட இதில் வலு அதிகம்" என்று நினைத்துவிடக் கூடாது. கலக்கப்பட்ட மூலக்கரைசலே 20% தான். நூறு பங்கில் அது 2.5 பங்கு என்றால் உண்மையான குளோர்ஹெக்சிடின் 0.5%. நான்கில் ஒரு பங்கு. 'சமம்: 0.5%' என்று அதே லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

பீட்டாடைனில் இதைவிடப் பெரிய குழப்பம். 5% கரைசல் உண்டு, 10% கரைசல் உண்டு, 7.5% ஸ்க்ரப் உண்டு. ஸ்க்ரப்பில் சோப்பு போன்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. கை கழுவவும் தோலைத் தேய்க்கவும் மட்டுமே அது. காயத்துக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. மூன்று பாட்டிலுக்கும் நிறம் ஒன்றே. அலமாரியில் ஸ்க்ரப்பைத் தனித் தட்டில் வைப்பது எளிய ஏற்பாடு. இதுவரை செய்யவில்லை என்றால் நாளைக்கே செய்துவிடலாம்.

இன்னொன்று: கிருமிநாசினிப் பாட்டிலே கிருமியின் வீடாக முடியும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போவிடோன் அயோடின் கரைசலிலேயே, இன்று பர்கோல்டேரியா என்று அழைக்கப்படும் பாக்டீரியா வாழ்ந்து நோயாளிகளுக்குப் பரவியது. பெரிய கேனிலிருந்து சிறிய பாட்டிலுக்கு ஊற்றி, தீர்ந்ததும் கழுவாமல் மறுபடி நிரப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள்.

4. தோலுக்கு எது? ஆதாரங்களை எப்படி எடைபோடுவது

2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் டாரூஷ் குழுவின் ஆய்வு வந்தது. 849 நோயாளிகள். குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் தரப்பில் தொற்று 9.5%, பீட்டாடைன் தரப்பில் 16.1%. அதோடு விவாதம் முடிந்தது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒப்பிடப்பட்டது எதோடு எதை? ஒரு பக்கம் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின். மறுபக்கம் தண்ணீரில் கரைத்த அயோடின். வென்றது குளோர்ஹெக்சிடினா, ஆல்கஹாலா என்று அந்த ஆய்விலிருந்து பிரித்தெடுக்க முடியாது. மேலும் அவை குடல், பித்தப்பை போன்ற உள்ளுறுப்புகளைத் திறக்கும் அறுவைகள். முதுகெலும்பு அறுவை அந்த வகை அல்ல. அது 'சுத்தமான' அறுவை.

இரண்டு பக்கமும் ஆல்கஹால் இருக்கும்போது என்ன ஆகிறது? 2016இல் டூலி குழு பிரசவ அறுவையில் ஒப்பிட்டது: 1,147 பெண்கள், குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலில் 4.0%, அயோடின்-ஆல்கஹாலில் 7.3%. குளோர்ஹெக்சிடினுக்கு வெற்றி. 2024இல் சுவிட்சர்லாந்தில் 3,360 பேரிடம் இதய, வயிற்று அறுவைகளில் ஒப்பிட்டபோது அயோடின்-ஆல்கஹாலில் 5.1%, குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலில் 5.5%. அயோடின் எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல என்பது முடிவு.

முதுகெலும்பு மருத்துவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது அதே ஆண்டில் வெளிவந்த, பிரெப்-இட் (PREP-IT) என்ற ஆய்வுக் குழுவின் ஆய்வு என்பது என் கருத்து. அமெரிக்காவிலும் கனடாவிலும் கை, கால் எலும்பு முறிவுக்கு உலோகம் பொருத்தப்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். எலும்பு, உலோகம், பெரும்பாலும் சுத்தமான தோல்: நம் வேலைக்கு மிக நெருங்கிய சூழல். தோல் கிழியாத முறிவுகளில் அயோடின்-ஆல்கஹால் தடவியவர்களுக்குத் தொற்று 2.4%, குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் தடவியவர்களுக்கு 3.3%. இந்த முறை அயோடின் முன்னால். எண்ணிப் பார்த்தால் சுமார் 110 பேருக்கு அயோடினைத் தேர்ந்தெடுத்தால் ஒருவருக்குத் தொற்று தவிர்க்கப்படுகிறது. தோல் கிழிந்த முறிவுகளில் இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. அதே குழு 2022இல் லான்செட் இதழில் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தோல் கிழிந்த முறிவுகளில் தண்ணீரில் கரைத்த 10% பீட்டாடைனையும் 4% குளோர்ஹெக்சிடினையும் ஒப்பிட்டபோது இரு தரப்பிலும் 7%.

முதுகெலும்பிலேயே செய்யப்பட்ட நேரடி ஒப்பீடு? 2012இல் சாவேஜ் குழு இடுப்பு முதுகெலும்பு அறுவைக்கு வந்த 100 பேரிடம் இரண்டு ஆல்கஹால் கரைசல்களையும் ஒப்பிட்டது. தடவிய பின் தோலில் எஞ்சிய கிருமிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைப் படிக்கும்போது ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். தொற்று 3% என்று வைத்துக்கொண்டு, ஒரு கரைசல் அதைப் பாதியாக, அதாவது 1.5% ஆகக் குறைக்கிறதா என்று கண்டறிய வேண்டுமானால் ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ 1,500 பேர் தேவை. நூறு பேர் கொண்ட ஆய்வு தோலிலுள்ள கிருமிகளைப் பற்றிப் பேசலாம். காயத்தில் சீழ் பிடிப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. "எங்கள் மருத்துவமனையில் கரைசலை மாற்றினோம், ஆறு மாதமாக ஒரு தொற்றுகூட இல்லை" என்று யாராவது சொன்னாலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினை உறுதியாகப் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் 'ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி' என்று மட்டும் சொன்னது. எது என்று கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவதன் சொல்லாட்சியே இன்றைய ஆதாரத்துக்கு நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். ஆல்கஹால் இருக்கட்டும். கூடவே எது என்பது நோயாளியையும் உடலின் இடத்தையும் பார்த்து முடிவாகட்டும்.

5. இந்த நோயாளிக்கு எது?

நடுமுதுகு, இடுப்பு முதுகெலும்பு, ஒவ்வாமை எதுவும் இல்லை என்றால் ஆல்கஹால் கலந்த எதுவும் சரி. உலோகம் பொருத்தும் அறுவையானால் என் கை அயோடின்-ஆல்கஹால் பக்கம் போகிறது. அது கிடைக்காத அரங்கில் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலுக்கு நான் தயங்குவதே இல்லை. சாதாரணத் தண்ணீர்க் கரைசல் பீட்டாடைனை மட்டும் பூசிவிட்டுத் தொடங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

கழுத்தின் பின்பக்க அறுவை வேறு கதை. நோயாளி குப்புறக் கிடக்கிறார். பிடரியில் ஊற்றியது காதோரமாக வழிந்து கண்ணுக்குப் போகும். அங்கே தலைமுடியும் இருக்கிறது. முடிக்குள் சிக்கிய ஆல்கஹால் உலர ஒரு மணி நேரம் வரை ஆகலாம். டயதெர்மி என்ற மின்சூட்டுக் கருவி தொட்டால் தீ. இந்த இடத்தில் தண்ணீரில் கரைந்த பீட்டாடைனே பாதுகாப்பானது. கண்ணும் காதும் அதற்கு முன்பே மூடி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஒவ்வாமையை நேராகக் கேட்க வேண்டும். "இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது, அதனால் பீட்டாடைனும் ஆகாது" என்று பல கேஸ் ஷீட்டுகளில் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது; அயோடினுக்கு அதில் பங்கில்லை. குளோர்ஹெக்சிடின் ஒவ்வாமைதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் மயக்க மருத்துவர்கள் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், அறுவை நேரத்தில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமைகளில் சுமார் பத்தில் ஒன்று குளோர்ஹெக்சிடினால் வந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்தோ, சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் ஜெல்லோ முன்பு அரிப்பைத் தந்ததா என்று கேளுங்கள். தைராய்டு நோய் உள்ளவர்களிடம் அயோடினைப் பெரிய பரப்பில் நெடுநேரம் விடுவதைத் தவிருங்கள்.

6. தடவும் முன்

முந்தைய இரவும் அன்று காலையும் குளியல். எந்த சோப்பானாலும் சரி, நன்றாகக் கழுவப்பட வேண்டும். முடி குறுக்கே வந்தால் மட்டும் கிளிப்பரால் வெட்டுங்கள். சவரக் கத்தி தோலில் கீறும் நுண்கீறல்களில் கிருமி பெருகும். சவரத்தை உலக சுகாதார நிறுவனம் கூடாது என்றே சொல்கிறது. முதுகில் பரு, கீறல், பூஞ்சைப் படை இருக்கிறதா என்று முந்தைய நாளே சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மேசையில் குப்புறப் போட்ட பிறகு பார்த்து என்ன பயன்?

7. தடவும் முறை

உலர்ந்த தோலில் தொடங்குங்கள். குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலை முன்னும் பின்னுமாக, தோல் மடிப்புகளுக்குள் இறங்கும்படி, குறைந்தது 30 வினாடி தேய்க்க வேண்டும். பீட்டாடைன் கரைசலை வெட்டப்போகும் கோட்டிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வட்டமாகப் பூச வேண்டும். விளிம்பைத் தொட்ட பஞ்சு மறுபடி நடுவுக்கு வரக் கூடாது. இடுப்பு அறுவையில் பிட்டப் பிளவு கடைசி. அந்தப் பஞ்சு நேராகக் குப்பைக்கு. முடிந்தால் பிளவை முதலிலேயே ஒட்டும் மறைப்புத் தாளான டிரேப்பால் மூடிவிடுங்கள். தொற்றுகள் தையல் வரியின் கீழ்முனையில் தொடங்குவதற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

பிறகு காத்திருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை அரங்கின் சுவரில் ஒட்டச் சொன்னால் இதைத்தான் ஒட்டச் சொல்வேன். முடியில்லாத தோலில் ஆல்கஹால் கரைசல் தானாக உலர மூன்று நிமிடம். பீட்டாடைனிலிருந்து அயோடின் அவிழவும் நேரம் வேண்டும். துண்டால் ஒற்றி எடுத்தால் மருந்தையே எடுத்துவிடுகிறீர்கள். "டைம் ஆச்சு" என்று யாராவது அவசரப்படுத்தினால், மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தி மூன்று வாரத்தைத் தொலைப்பதாக அவரிடம் சொல்லுங்கள்.

குப்புறக் கிடப்பவருக்கு வழிதல் ஒரு தனி அபாயம். வெகுகாலத்துக்கு முன் ஒரு மருத்துவமனையில், கூன் முதுகைச் சரிசெய்யும் நீண்ட அறுவையில் நான் உதவியாளனாக இருந்தேன். பக்கவாட்டில் துணி வைக்காமல் பீட்டாடைனைத் தாராளமாக ஊற்றினோம். ஆறு மணி நேரம் கழித்து அந்தச் சிறுமியைத் திருப்பியபோது இடுப்பெலும்பு தாங்கிய இடத்தில் தோல் வெந்து சிவந்திருந்தது. அழுத்தமும் ஈரமும் அயோடினும் சேர்ந்த இரசாயனப் புண். முதுகு அருமையாக ஆறியது. அந்தப் புண் ஆற ஒரு மாதம். அன்றிலிருந்து இரு பக்கமும் உறிஞ்சும் துணி வைக்காமல் கரைசலைத் திறக்க நான் விடுவதில்லை. தடவி முடித்ததும் ஈரத் துணியை எடுத்துவிட வேண்டும். ஆல்கஹால் ஊறிய துணி டிரேப்புக்குக் கீழே கிடப்பது தீயை அழைத்து வைப்பது. ஆல்கஹாலின் சுடர் அறுவை விளக்கின் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

நிறம் இல்லாத குளோர்ஹெக்சிடினை மேசையில் திறந்த கிண்ணத்தில் வைக்காதீர்கள். 2010இல் சிட்னியில், பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிடியூரல் குழாய் வழியே மருந்துக்குப் பதிலாகக் குளோர்ஹெக்சிடின் செலுத்தப்பட்டு அவர் உடல் செயலிழந்தது. இரண்டும் தண்ணீர் போலிருந்தன. நிறமூட்டிய கரைசலை வாங்குங்கள். எங்கே பூசப்படவில்லை என்றும் அது காட்டிக்கொடுக்கும். தடவும் வேலை முடிந்ததும் கிண்ணமும் பஞ்சும் மேசையை விட்டே போக வேண்டும்.

8. காயத்துக்குள் எது?

கத்தி இறங்கிய பின் விதிகள் மாறுகின்றன. தோலுக்கு ராஜாவாக இருந்த குளோர்ஹெக்சிடின் இங்கே வேண்டாதவர். கீழே டியூரா என்ற உறை, அதற்குள் தண்டுவடமும் நரம்பு வேர்களும். அவற்றின் உறைகளைத் தொடும்படி பயன்படுத்தாதீர்கள் என்று தயாரிப்பாளர்களின் லேபிளே எச்சரிக்கிறது. முதுகில் ஊசி வழி மயக்கம் கொடுப்பதற்குத் தோல் துடைக்கும்போதுகூட 2% வேண்டாம், 0.5% போதும் என்று பிரிட்டன், அயர்லாந்து மயக்க மருத்துவர் சங்கம் 2014இல் சொன்னது இந்த அச்சத்தால்தான்.

நீர்த்த பீட்டாடைனுக்கு முதுகெலும்பிலேயே செய்த ஆய்வுகள் உண்டு. தைவானில் செங் குழு 2005இல் 414 பேரிடம் ஆராய்ந்தது. 208 பேரின் காயத்தை 0.35% போவிடோன் அயோடினில் மூன்று நிமிடம் ஊறவைத்து, பிறகு இரண்டு லிட்டர் சலைன் என்ற உப்புநீரால் கழுவினார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை. சலைன் மட்டும் பயன்படுத்திய 206 பேரில் ஒருவருக்கு மேல்தோல் தொற்று, ஆறு பேருக்கு ஆழ்ந்த தொற்று. அடுத்த ஆண்டு சாங் குழுவும் எலும்பு இணைப்பு அறுவையில் 244 பேரிடம் அதே முறையைச் சோதித்தது: பீட்டாடைன் தரப்பில் பூஜ்யம், சலைன் தரப்பில் ஆறு. எலும்பு கூடுவதிலும் பாதிப்புத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நாட்டிலிருந்து வந்த, மிதமான அளவுள்ள ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம். காயத்தை மூடும் முன் நீர்த்த அயோடினால் கழுவுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மென்மையாகவே சொல்கிறது. ஆன்டிபயாடிக் கலந்த நீரால் கழுவுவதை வேண்டாம் என்கிறது. மலிவு, எளிமை, மூன்று நிமிடம். உலோகம் பொருத்தும் எல்லா அறுவையிலும் நான் இதைச் செய்கிறேன்.

கலக்கும் அளவு, மொத்தம் 500 மில்லிக்கு:

10% கரைசல் என்றால் 17.5 மில்லி பீட்டாடைன், மீதி நார்மல் சலைன்.
5% கரைசல் என்றால் 35 மில்லி பீட்டாடைன், மீதி நார்மல் சலைன்.

பாட்டிலைப் பார்க்காமல் கலந்தால் ஒன்று பாதி வலு, இல்லையேல் இரு மடங்கு. கலப்பவர் சதவீதத்தை வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் பாட்டிலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். காயத்துக்குள் போகும் கரைசல் கிருமியற்றது என்று லேபிளில் இருக்க வேண்டும். தோலுக்கான எல்லாப் பாட்டிலும் அப்படித் தயாரிக்கப்பட்டவை அல்ல. சலைன் கழுவல் முடிந்த பிறகே இணைப்புக்கான எலும்புத் துண்டுகளை வையுங்கள், ஏனெனில் அயோடின் செறிவு கூடினால் எலும்பை உருவாக்கும் செல்களைக் கொல்லும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. டியூரா கிழிந்திருந்தால் இந்தக் கழுவலே வேண்டாம். சலைன் மட்டும்.

9. கரைசல் செய்ய முடியாதவை

தோல் வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் இரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டும் அறுவையில் மறுபடி ஒரு டோஸ். இது தவறினால் எந்தக் கிருமிநாசினியும் ஈடுகட்டாது. தசையை விலக்கும் ரிட்ராக்டரை இடையிடையே தளர்த்துங்கள். இரத்தம் ஓடாமல் செத்த தசைதான் கிருமிக்கு முதல் விருந்து.

காயத்தில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைத் தூவும் வழக்கம் 2011இல் வந்த சில கட்டுரைகளுக்குப் பிறகு வேகமாகப் பரவியது. அவை பழைய நோயாளிகளையும் புதிய நோயாளிகளையும் ஒப்பிட்ட பின்னோக்கிய ஆய்வுகள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் ராஜசேகரன் குழுவினர் 907 பேரை முறையாக இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். பொடி தூவியவர்களில் தொற்று 1.61%, தூவாதவர்களில் 1.68%. அடிப்படைகள் சரியாக இருக்கும் அரங்கில் பொடி கூடுதலாக எதையும் தரவில்லை. உலகமே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நம் ஊரிலிருந்து நிதானமாக வந்த இந்த ஆய்வைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

10. பின்தொடர்தல்

அரங்கில் ஒரு நோட்டு வையுங்கள். எந்தக் கரைசல், எந்தச் செறிவு, உலர விட்டது எத்தனை நிமிடம், காயம் கழுவியது எதனால் என்று ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு வரி. எலும்பு இணைப்பு செய்தவர்களை 90 நாள் வரை கண்காணிக்க வேண்டும். தையல் பிரித்ததோடு கணக்கை மூடினால் பல தொற்றுகள் கணக்கில் வராது. ஊருக்குப் போனவர்களைத் தொலைபேசியில் கேளுங்கள்.

ஒருவர் ஈரத்தோடு திரும்பி வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் காயத்தின் ஆழத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளை எடுத்து அனுப்புங்கள். வெளியே கசியும் ஈரத்தைப் பஞ்சில் ஒற்றி அனுப்பினால் தோலின் கிருமிதான் வளரும். ஆய்வகத்தைக் கூப்பிட்டு, கிருமி வளர்க்கும் தட்டை ஐந்தாம் நாளில் எறிந்துவிடாமல் 14 நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். மேல்முதுகின் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து இறங்கிய ஏக்னஸ் அவ்வளவு மெதுவாகத்தான் வளரும்.